நடு அடியில் மோட்டார் நின்றால்

தொழிற்சாலை ரோபோவுக்குப் பாதுகாப்பு ஆவணம் எழுதுவது எவ்வளவோ சுலபம். சுற்றிலும் வேலி, வேலிக்கதவு திறந்தால் மின்சாரம் அறுபடும் ஏற்பாடு, கைக்கெட்டும் இடத்தில் சிவப்புப் பொத்தான். ஆளையும் இயந்திரத்தையும் தள்ளி நிறுத்துவதே அந்த விதிகளின் அடிப்படை.

நான் ஆவணம் எழுதும் எக்ஸோஸ்கெலிட்டன், இடுப்பிலும் தொடையிலும் கணுக்காலிலும் பட்டை போட்டு ஆளோடு சேர்த்துக் கட்டப்படுவது. முதுகுத்தண்டில் அடிபட்டவர் அதை அணிந்து நடக்கும்போது, எடுத்த அடி முடிவதற்குள் மோட்டார் அணைந்தால் விழுந்துவிடுவார். மற்ற இயந்திரங்களில் காப்பாற்றுகிற சிவப்புப் பொத்தான் இங்கே ஆளைத் தள்ளிவிடும். மோட்டார் நின்றதும் முழங்கால் மூட்டு பூட்டிக்கொள்ள வேண்டுமா, மெல்ல மடங்கி அவரை உட்காரவைக்க வேண்டுமா, பின்னால் நாற்காலி இல்லாவிட்டால் என்ன செய்வது? வடிவமைப்புப் பொறியாளர்களோடு இதில் மல்லுக்கட்டுவதிலேயே என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

இன்னொரு மல்லுக்கட்டு தோலைப் பற்றியது. 'வலித்தால் அணிந்தவர் சொல்வார்' என்று இடர்க் கோப்பில் யாராவது எழுதிவைப்பார்கள். அடித்துவிடுவேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் பட்டை அழுத்துவது எப்படித் தெரியும்? புண் வந்த பிறகு வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நிற்காத கால்களில் எலும்பும் மெலிந்திருக்கும். மோட்டாரின் விசை அதை முறித்துவிடலாம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்காமல் அணிவிக்கக் கூடாது என்பதைப் பயிற்சிக் கையேட்டின் முன்பக்கத்திலேயே போடச் சொல்வேன்.

இந்தத் துறைக்கு விதிகள் வந்தே அதிக காலமாகவில்லை. உடலோடு கட்டும் உதவி ரோபோக்களையும் சேர்த்துப் பேசும் ஐஎஸ்ஓ 13482 என்ற பாதுகாப்புத் தரம் வெளியானது 2014-இல். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, ரீவாக் என்ற நடைக் கருவிக்கு நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. பயிற்சி பெற்ற துணையாள் கூட இருக்க வேண்டும். அணிபவரின் உயரம் சுமார் 160 முதல் 190 செ.மீ., எடை 100 கிலோவுக்குள். கருவியின் கம்பிகளுக்கும் மோட்டாருக்கும் அந்த எல்லை சரிதான். ஆனால் நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அந்த உயரத்துக்கு வரமாட்டார்கள். சட்டப்படி இதில் குற்றமில்லை. யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று கேட்கும் கட்டம், நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை.

நடக்க முடியாதவருக்கு அல்லாமல், வேலை செய்யும் தொழிலாளிக்கான கருவி வேறு கதை. ஐரோப்பாவின் 2006-ஆம் ஆண்டு இயந்திர விதிப்படி, பொதுவாக மனித விசை தவிர வேறு இயக்கம் இருந்தால்தான் அது இயந்திரம். சுருள்வில் மட்டும் வைத்த தோள் கருவி பெரும்பாலும் அதில் வராது. விளம்பரப் பிரிவு 'தோள்வலி தீரும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மருத்துவக் கருவி விதிகளுக்குள் போய் விழும். (அந்த வரியைத் தேடிப் பிடித்து நீக்குவதும் என் வேலைதான்.)

சென்சார் வைத்த கருவியென்றால் தொழிலாளி எத்தனை முறை குனிந்தார், எவ்வளவு நேரம் ஓய்ந்தார் என்று குறித்துக்கொண்டே இருக்கும். மேற்பார்வையாளருக்கு அது தேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆரின் நடைமுறையில், முதலாளியிடம் தொழிலாளி தரும் சம்மதம் பெரும்பாலும் செல்லாது. மறுக்கும் நிலையில் அவர் இல்லை. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குச் சம்மதமே வேண்டாம் என்கிறது. சென்சார் குறிக்கும் கணக்கு கருவிக்குள்ளேயே இருக்கட்டும், அணிந்தவர் மட்டும் பார்க்கட்டும் என்பது என் கட்சி.

விற்ற பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விதிகள் மெலிந்துபோகின்றன. 2024-இல் அமெரிக்காவில் ஒருவரின் நடைக் கருவி பழுதானது. கோளாறு சின்னது, கையில் கட்டும் கட்டுப்பாட்டுக் கருவியின் பேட்டரிக் கம்பி. ஐந்து ஆண்டுக்கு மேல் பழையது என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார். ஊடகங்களில் வந்து சத்தம் எழுந்த பிறகே சரிசெய்யப்பட்டது.

வீட்டில் யாருக்காவது இப்படி ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால், சான்றிதழைப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். பேட்டரி, உதிரிபாகம், மென்பொருள் மூன்றும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.