நான் படித்த ஆப்பிரிக்கா

இப்பள்ளியில் படித்த நாள்களில் ஆண்டு மலருக்கு மழையைப் பற்றியும் மாதாவைப் பற்றியும் எழுதியவள் நான். இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். இம்முறை என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

மணலி புதுநகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ஆப்பிரிக்கா'. என் நிறம் அப்படி. அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடுவேன். அம்மா முகத்தில் பவுடரைப் பூசி, "விடும்மா, அவங்க கெடக்கறாங்க" என்பார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, என்னைவிடக் கறுத்த சிறுமி ஒருத்தி பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். அந்தப் பெயரை அவள் தலையில் இறக்கிவைத்தவள் நானே! என் சுமை நீங்கிற்று என்று மகிழ்ந்தேன்.

கல்லூரியில் ஆப்பிரிக்க வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்ததற்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. அந்த வகுப்பு சீக்கிரம் முடியும். லாரிகள் சாலையை அடைப்பதற்குள் பேருந்து பிடித்து வீடு சேரலாம். துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா, "ஆப்பிரிக்காவப் படிச்சிட்டு இங்க என்னம்மா செய்யப்போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதல் நாள் பேராசிரியை, "உங்களுக்குத் தெரிந்த ஆப்பிரிக்கர் ஒருவரைச் சொல்லுங்கள்" என்றார். எல்லோரும் நெல்சன் மண்டேலா என்றோம். அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "புனித அகுஸ்தினாரை ஏன் சொல்லவில்லை?" என்றார். கி.பி. 354-இல் அவர் பிறந்த தகாஸ்தே நகரம் இன்றைய அல்ஜீரியா நாட்டில் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 28-இல் அவர் திருநாளைக் கொண்டாடிய எனக்கு இது தெரியாமற்போயிற்று!

பின்னர் புனித பக்கித்தாவைப் பற்றிப் படித்தேன். சூடானின் டார்ஃபூர் பகுதியில் ஏறத்தாழ 1869-இல் பிறந்தவர். சிறுவயதில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டார். பட்ட அச்சத்தில் பெற்றோர் இட்ட பெயரே அவருக்கு மறந்துபோயிற்று. 'பக்கித்தா' என்பது கடத்தியவர்கள் வைத்த பெயர். அதற்கு 'அதிர்ஷ்டசாலி' என்று பொருளாம்! 1889-இல் இத்தாலிய நீதிமன்றம் அவர் அடிமை அல்லர் எனத் தீர்ப்பளித்தது. கனோசிய சபைத் துறவியாகி வாழ்ந்த அவருக்கு 2000-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு நான் சூட்டிய பெயர் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அடிமைகளாக அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்க பிரிட்டன் 1833-இல் சட்டம் இயற்றியது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் சூலு மக்கள் தங்கள் நிலத்தையும் மாடுகளையும் விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே முதலாளிகளின் பார்வை நம் பக்கம் திரும்பிற்று. 1860 அக்டோபர் 12-இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் சென்னையை விட்டுப் புறப்பட்டு, நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1 லட்சத்து 52 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையிலிருந்தே போயினர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அவர்கள் அடிமைகள் அல்லர், 5 ஆண்டு ஒப்பந்தக் கூலிகள். இரண்டும் ஒன்றல்ல என்று பேராசிரியை வற்புறுத்திச் சொன்னார். ஆயினும் அதே கரும்பு, அதே சவுக்கு, அதே கண்ணீர்!

இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இங்க துறைமுகமே கெடையாதேம்மா, எப்படிப் போனாங்க?" என்றார். "மசூலாப் படகுல அலையத் தாண்டிப் போய்க் கப்பல் ஏறினாங்கப்பா" என்றேன். கடலையும் கப்பலையும் அறிந்த அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாப் படிம்மா" என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. "சின்ன வயசுல உனக்கு அந்தப் பேர வச்சது நான்தான். என்னை மன்னிச்சிடு" என்றேன். சிரித்து மழுப்புவாள் என்று எண்ணினேன். அவளோ, "நான் அதை மறக்கலக்கா" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்தப் புஸ்தகத்தக் குடுங்க, படிக்கறேன்" என்றாள்.

தங்கைகளே, ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள் கொண்ட மாபெரும் கண்டம். அது ஒருநாளும் வசைச்சொல் ஆகாது. உங்கள் தெருவில் யாருக்கேனும் அப்படியொரு பெயர் இருந்தால், இன்றே அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள்.

— ஒரு முன்னாள் மாணவி