விலாசம் இல்லாத உழைப்பு

மழை விட்டும் விடாத ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையிற் குடை இருந்தும் அவள் நனைந்திருந்தாள். கைத்தொலைபேசி மட்டும் நனையாதிருந்தது.

“சேர், காசு இருக்குன்னு காட்டுது. எடுக்கத்தான் முடியல” என்றாள்.

திரையில் 420 டொலர் என்ற தொகை தெளிவாகவே தெரிந்தது. அதன் மேலே, கணக்கு மட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்றும், அடையாளத்தையும் வதிவிடத்தையும் நிரூபிக்கும் பத்திரங்களை அனுப்புக என்றும் ஆங்கிலத்தில் அறிவித்திருந்தார்கள். காரணம் கூறப்படவில்லை. கையொப்பமும் இல்லை.

அவள் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயின் மகள். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்புக் கிட்டாதவள். தமிழ்த் தட்டெழுத்தும் நூற்பக்கங்களை வடிவமைக்கும் தொழிலும் கற்று, கனடாவிலுள்ள பதிப்பாளர் ஒருவருக்கு வேலை செய்து வந்தாள். முப்பது, நாற்பது டொலராக வரும் கூலி, இணையவழிப் பணக் கொடுப்பனவு நிறுவனம் ஒன்றின் கணக்கில் விழுந்து, அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு வரும். முழு நூலொன்றை முடித்துக் கொடுத்ததற்கான கூலியே இப்போது சிறைப்பட்டிருந்தது. அதனை நம்பித் தாயின் தோட்டை அடகு வைத்து, லயத்துக் கூரைக்குத் தகரமும் வாங்கிவிட்டார்கள்.

இத்தகைய கணக்குகள் ஏன் முடக்கப்படுகின்றன? உண்மையை ஒளிக்காமற் சொல்வதானால், இச்சோதனைகள் யாவும் வீணானவையல்ல. பொய்ப் பெயரிற் கணக்குத் தொடங்கி ஏழைகளின் சேமிப்பைச் சுருட்டுவோர் உண்டு. போதைவஸ்து வியாபாரத்திற் சேர்ந்த பணத்தை நல்ல பணமாக உலவவிடுவதைத் தடுப்பதற்கென, 1989 இல் செல்வந்த நாடுகள் ஏழும் பாரிசிற் கூடி ஒரு செயலணியை உருவாக்கின. அதன் விதிகளைத் தழுவி நமது நாட்டிலும் 2006 இல் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை போதிய அளவிற் செயற்படுத்தப்படவில்லையென்று 2017 இல் அச்செயலணி இலங்கையையே குறைபாடுடைய நாடுகளின் பட்டியலிற் சேர்த்து, 2019 இலேதான் நீக்கியது.

வாடிக்கையாளர் யார் என அறிந்தே பணத்தைக் கையாள வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை. கோடிக்கணக்கானோரை மனிதர் அமர்ந்து விசாரித்து அறிதல் செலவு மிக்கதாகையால், அவ்வேலை பெரும்பாலும் இயந்திரத்திடம் விடப்பட்டது. இயந்திரம் மனிதரை அறியாது. வழமையை மட்டுமே அறியும். சிறு தொகைகள் வந்த கணக்கிலே திடீரென ஒரு பெருந்தொகை வருதல். பலருடைய கணக்குகள் ஒரே கணினியிலிருந்து திறக்கப்படுதல். பெயரின் எழுத்து பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடுதல். பணம் அனுப்பியவர் முறைப்பாடு செய்தல். இவற்றுள் ஒன்றேனும் ஐயத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது.

ஐயுற்றால் தடுத்துவிடுவதே நிறுவனங்களுக்கு இலாபம். தடைவிதிகளை மீறிய கொடுக்கல் வாங்கல்களை அனுமதித்ததற்காக, பேபால் என்னும் வேறொரு நிறுவனம் 2015 இல் அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 77 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. குற்றவாளியைத் தப்பவிட்டால் இவ்வாறு தண்டம் உண்டு. நிரபராதியின் 420 டொலரை முடக்கி வைப்பதற்கோ தண்டம் விதிப்பார் எவருமில்லை.

முடக்கிய பின் நடப்பது என்ன? பத்திரங்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவை ஏற்கப்பட்டாற் பூட்டுத் திறக்கும். மறுக்கப்பட்டால் மீண்டும் அனுப்பலாம். அதன் பின்னும் நம்பிக்கை பிறவாவிடின் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். மூடிய பின்னரும், பணம் கொடுத்தவர் அதனைத் திருப்பிக் கேட்கக்கூடும் என்ற காரணத்தால், மீதியை 180 நாட்கள்வரை வைத்திருக்கும் உரிமையைச் சில நிறுவனங்கள் தமது ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துள்ளன. நாம் வாசியாமலே ‘சம்மதம்’ என்று அழுத்திவிடும் ஒப்பந்தம் அது. காரணத்தை வினவினாலும் முழு விடை கிடைப்பதரிது. ஐயத்துக்குரியதென ஒரு கொடுக்கல் வாங்கலை அதிகாரிகளுக்கு அறிவித்திருந்தால், அதை உரியவரிடம் வெளியிடுவதை நமது சட்டமும் தடுக்கிறது.

நாங்கள் பத்திரங்களைத் தேடத் தொடங்கினோம். அடையாள அட்டை இருந்தது. வதிவிடத்துக்குச் சான்றாக அவள் பெயரில் மின்பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ கேட்டார்கள். அவர்களது லயத்துக்குத் தண்ணீர்ப் பட்டியல் வருவதில்லை. மின்பட்டியலில் இறந்துபோன பாட்டனாரின் பெயரே இருந்தது. அவ்வேளையிலேதான், கணக்கில் அவள் பதிந்திருந்த விலாசத்தை நான் பார்க்க நேர்ந்தது. அது என் வீட்டு விலாசம்!

அதனை எழுதும்படி சொன்னவன் நானே. தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று, எவர் கையிலேனும் அகப்பட்டு, நாட்கள் கழிந்தே சேரும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் வந்த கதைகளை நான் பல மாணவரிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே நகரத்துக் கடைக்காரரின் விலாசத்தையோ ஆசிரியரின் விலாசத்தையோ கொடுத்து வைப்பது இங்கு நெடுநாள் வழக்கம். அன்பினால் நாங்கள் செய்துவந்த அவ்வுதவி இயந்திரத்தின் கண்ணுக்குப் பொய்யாகத் தோன்றிற்று. அதன் பார்வையில், தன்னுடையதல்லாத வீட்டைத் தன்னுடையதென்று எழுதியவள் அவள்.

கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்றோம். அது ஆங்கிலத்தில் இல்லையென்று மறுக்கப்பட்டது. மொழிபெயர்ப்புக்கும் பிரயாணத்துக்குமாக அவளது இருவாரக் கூலி கரைந்தது.

ஒருநாள் அவளது தாயார், ஏதாவது உதவுமோவென்று ஒரு தகரப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களுக்கு அடியிலே, பாட்டனாரின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் மங்கிய பிரதியொன்று இருந்தது. “எங்க தாத்தா காலத்திலயும் இதே கேள்வியத்தானே சேர் கேட்டாங்க?” என்றார் அவர். எனக்கு விடை சொல்ல நாவெழவில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ், தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிரூபிக்கும்படி அவர்கள் பணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போக, உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்ட 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. தேயிலைச் செடியின் வேர் ஒவ்வொன்றும் அவர்கள் இங்கு வாழ்ந்ததற்குச் சான்று பகரும். ஆனால் கேட்கப்பட்டதோ கடதாசி. கேட்போர் மாறியுள்ளனர், கேள்வி மாறவில்லை.

இக்கேள்வி எல்லோரிடமும் ஒரே குரலிற் கேட்கப்படுவதுமில்லை. எச்.எஸ்.பி.சி. வங்கி, மெக்சிக்கோப் போதைவஸ்துக் கும்பல்களின் பணம் தன் வழியே செல்லுமளவுக்குக் காவலைத் தளர்த்தியிருந்ததை ஒப்புக்கொண்டு, 2012 இல் 190 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அதற்காக அவ்வங்கியின் கதவுகள் மூடப்படவில்லை. அதன் அதிகாரி எவரும் சிறை புகவுமில்லை. பெருங் களவைப் பிடிப்பதற்கென வீசிய வலையில் இங்கே அகப்பட்டது ஒரு கொழுந்துக்காரியின் தோடு.

38 ஆம் நாள் பூட்டுத் திறந்தது. வங்கி தந்த கணக்குக் கூற்றில் தோட்டத்தின் பெயர் இருந்தமையால் அதனை ஏற்றார்கள் போலும். பொறுமைக்கு நன்றி என ஒரு வரி மட்டும் வந்தது. அதற்குள் கனடாப் பதிப்பாளர் அடுத்த நூலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் மீது குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் தவணையுண்டு.

சோதனையே வேண்டாமென்று நாம் கேட்கவில்லை. உழைத்தவரின் கூலியைத் தடுப்பவர், இயன்றவரை அதன் காரணத்தை அவர் அறிந்த மொழியிற் கூறட்டும். மேன்முறையீட்டைப் பெயருள்ள ஒரு மனிதர் வாசிக்கட்டும். யாவற்றிலும் முதலாவதாக, அரசு மலையகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கத்தையும், அவ்வீட்டு வாசலுக்கே தபாலையும் தரட்டும்.

கணக்கிலே விலாசத்தைத் திருத்துவதற்கு அவள் என்னிடம் வந்தாள். தோட்டத்தின் பெயரை எழுதினோம். பிரிவின் பெயரை எழுதினோம். வீட்டிலக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது.

“இதுக்கு என்னா சேர் போடுறது?”

அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.