சேலத்திலிருந்து நாகபுரிக்கு... லாரியில்!

நாமக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பதினெட்டடி உயர ஆஞ்சநேயர், நாமகிரித் தாயார், ஒரே பாறை மேல் நிற்கும் மலைக்கோட்டை என்று அடுக்குவீர்கள். அடுப்படியிலிருந்து யோசிக்கிறவர்கள் முட்டை என்பார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் "லாரிங்க!" என்றுதான் பதில் வரும்.

வெறும் என்ஜினும் சக்கரமுமாக வரும் சேஸிஸ், நாமக்கல் பட்டறைகளில் தச்சர், வெல்டர், பெயிண்டர் என்று பல கை பட்டு, கல்யாணப் பெண் மாதிரி அலங்காரத்தோடு வெளியே போகும். சங்ககிரிக்குப் போனால் அங்கேயும் லாரி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். மாமனுக்கு லாரி, மச்சானுக்கு லாரி, பங்காளிக்கு லாரி. இருபது வயதில் ஸ்டியரிங் பிடிப்பது இந்தச் சீமையில் அதிசயமே இல்லை. நாற்பத்தாறு வயதில் முதல்முதலாகப் பிடித்தால்தான் அதிசயம். அந்த அதிசயத்தைச் செய்தவர் எங்கள் வீட்டுக்காரர்!

நாங்கள் இருப்பது காவிரிக் கரையில், பள்ளிபாளையம் பக்கம். இருபத்தைந்து வருஷம் விசைத்தறிச் சத்தத்திலேயே ஓடிவிட்டது. தொழில் நசிந்து, முதலாளி தறிகளை இரும்பு விலைக்குப் போட்டபோது பெரியவள் கல்லூரியில் முதல் வருஷம், சின்னவன் ஒன்பதாவது. "இனி என்னங்க பண்றது?" என்றேன். "லாரி ஓட்டப் போறேன்" என்றார். நான் விளையாட்டு என்றே நினைத்தேன்.

லைசென்சுக்கு வயது தடையில்லை

கனரக லைசென்சுக்கு எடுத்தவுடனே போய் நிற்க முடியாது. இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். முதலாளியின் வேனை ஓட்டிய வகையில் அது இவரிடம் ஏற்கெனவே இருந்தது. எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஏழாவதோடு நின்றவருக்கு அது பெரிய விடுதலை. பயிற்சிப் பள்ளிச் சான்றும், டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கட்டாயம்.

அந்த டாக்டர் பரிசோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள், சகோதரிகளே. தூரப் பார்வை சரியாக இருந்தது. கிட்டப் பார்வைக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்பட்டது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது. "இப்பவே கவனிச்சா மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம்" என்றார் டாக்டர். லாரிக்குப் போகாமல் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எட்டு மாதம் இரண்டாவது டிரைவர். பெரிய டிரைவருக்கு வயசு இருபத்தொன்பது! அவர் இவரை "அண்ணா" என்பார்; இவர் அவரைத் "தம்பி" என்பார். ஆனால் வண்டிக்குள் தம்பி சொல்வதுதான் சட்டம். தார்ப்பாய் போடுவதும், கயிறு இழுத்துக் கட்டுவதும், டயரைத் தட்டிப் பார்ப்பதும் அண்ணன் வேலை. இவரும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

எட்டு மாதம் முடிந்ததும் லாரி ஓனர், "இனி நீங்களே தனியா ஒரு வண்டி எடுத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார். சம்பாத்தியம் கூடும், பெரியவளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை ஏந்த வேண்டாம். ஆனால் பக்கத்தில் தம்பி இருக்க மாட்டார். நான் வாயே திறக்கவில்லை. இவர்தான், "நீயும் ஒரு நடை கூட வந்து பாரு. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். வேற பொழப்புப் பாத்துக்கலாம்" என்றார். ஓனரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஜனவரி மாதத் திங்கட்கிழமை ஒன்றில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

மூட்டை மூட்டையாய் ஜவ்வரிசி

சரக்கு, சேலத்து ஜவ்வரிசி. நாம் எப்போதாவது பாயசத்துக்கும் வடாமுக்கும் கால் படி வாங்குகிறோமே, அதே ஜவ்வரிசிதான். ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலைகள் உண்டு. அந்த ஆலைக்காரர்களுக்காக 1981-லேயே சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டிருக்கிறது. இவ்வளவையும் யார் சாப்பிடுகிறார்கள் என்றால், பெரும் பங்கு மகாராஷ்டிராவுக்குப் போகிறதாம். அங்கே ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் விரதச் சாப்பாடே இதுதான்.

லாரியில் ஏறுவதே ஒரு வித்தை. மூன்று படி, கைப்பிடி, புடவைக் கொசுவம். அடுத்த தடவை சுடிதார்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்! உள்ளே சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கும் பலகை. கண்ணாடி மேலே மாரியம்மன். வண்டி பக்கவாட்டில் ஒரு பெட்டி. அதில் ஸ்டவ், குக்கர், அரிசி, பருப்பு, அஞ்சறைப் பெட்டி. நம் ஊர் டிரைவர்கள் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் சொந்தச் சமையல்தான்.

ஓமலூர் தாண்டி தொப்பூர் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறியது. எதிர்ப் பக்கம் சேலத்தை நோக்கி இறங்கும் வண்டிகளைக் காட்டி இவர் சொன்னார்: "ஏத்தத்துல வண்டி கஷ்டப்படும். இறக்கத்துலதான் மனுசன் கஷ்டப்படோணும். திரும்பி வரும்போது பாரு." எனக்கு அப்போதே வயிற்றில் புளி கரைத்தது.

ஆறு கடந்து ஆறு

ஓசூரில் தூங்கி, விடியுமுன் பெங்களூரைக் கடந்தோம். அனந்தபுரத்துக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலில் என் சமையல். எங்கள் கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம். துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் ஒரே குக்கரில்! இவருக்காக அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினேன். "அக்கா வந்த ராசி, நாக்கு உசிர் பெத்துது" என்றார் தம்பி. கொள்ளுப் பொடியும் மோரும் துணைக்கு.

கூத்தியில் தூரத்துப் பாறை மேல் கோட்டையைப் பார்த்ததும் நம் சங்ககிரிதான் நினைவு வந்தது. கர்நூலில் துங்கபத்திரை. இருட்டிய பிறகு கிருஷ்ணை. மறுநாள் ஐதராபாத்தை உள்ளே நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றி, காமாரெட்டி வழியாகப் போய், நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர் அந்த நிர்மல். காவிரிக் கரைக்காரி நான், ஒவ்வொரு பாலத்திலும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

பெண்களுக்கு இந்தப் பாதையில் ஒரே கஷ்டம், கழிப்பறை. பெட்ரோல் பங்குகள்தான் கதி. ஒன்றில் சுத்தமாக இருக்கும், அடுத்ததில் பூட்டியிருக்கும். அதற்குப் பயந்து முதல் நாள் நான் தண்ணீரே குடிக்கவில்லை. சாயங்காலம் தலைவலி மண்டையைப் பிளந்தது. டிரைவர்களும் வண்டியை நிறுத்தச் சோம்பிக்கொண்டு இப்படித்தான் தண்ணீரைக் குறைக்கிறார்கள். என்ஜின் சூட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகக் கல் வராமல் என்ன செய்யும்? புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். எங்களுடையது பழைய வண்டி. இரண்டு பக்கக் கண்ணாடியைத் திறப்பதுதான் ஏ.சி.!

ஆதிலாபாத்தில் ஒரு போன்

புதன் இரவு ஒன்பது மணி. ஆதிலாபாத் பக்கம் தேக்கங்காடு, இரண்டு புறமும் கும்மிருட்டு. தம்பிக்கு மதியத்திலிருந்து காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு பின்னால் படுத்துவிட்டார். இவர் தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். போன் வந்தது. சரக்கு வாங்குகிறவரின் ஆள், இந்தி பாதி, அதட்டல் பாதி. விடிவதற்குள் மண்டியில் வண்டி நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வாடகையில் பிடித்தமாம்.

இன்னும் இருநூறு கிலோமீட்டர். நான் இவர் முகத்தையே பார்த்தேன். பத்து நிமிஷம் ஓட்டியிருப்பார். விளக்கு வெளிச்சமும் நாலு லாரியும் தெரிந்த ஒரு பங்கில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

"ஏனுங்க, பிடிச்சுக்குவேன்னு சொல்றானுங்களே?"

"பிடிச்சுக்கட்டும். கண்ணு சொக்குது. ரெண்டு மணிக்கு மேல விடியற வரைக்கும்தான் எமன் ரோட்டுல நடமாடுவான். இருபது வயசா இருந்தா டீயைக் குடிச்சுட்டு ஓட்டியிருப்பேன்."

சொல்லிவிட்டு டேஷ்போர்டில் காலை நீட்டித் தூங்கியே போனார். நான்தான் தூங்கவில்லை. தாமதமாகத் தொடங்கினவருக்குத் திறமை குறைவு என்றே அதுவரை எனக்குப் பயம். தன் உடம்பின் அளவு தெரிந்தவர் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. ஆனால் ராத்திரி ரோட்டில் அதை எடுத்துச் சொல்ல யார் வருவார்கள்? ஸ்டியரிங் பிடித்தவர்தான் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

நாலரை மணிக்கு எழுந்து, பனியில் பென்கங்கையைத் தாண்டி, பாண்டர்கவடா, ஹிங்கன்காட் வழியாகப் பத்தரை மணிக்கு நாகபுரி. எங்களுக்கு முன்னால் ஏழு லாரி இறக்குவதற்குக் காத்திருந்தது! சரக்கு இறங்கவே சாயங்காலமாயிற்று. பிடித்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

நாகபுரியில் பசியாறியது

மண்டி வாசலில் தள்ளுவண்டியில் ஒரு அம்மாள் ஜவ்வரிசிக் கிச்சடி விற்றார். பாஷை தெரியாவிட்டால் என்ன? கையாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜவ்வரிசியைக் களைந்து, அது மூழ்குமளவு மட்டும் தண்ணீர் விட்டு நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். நெய்யில் சீரகம், பச்சை மிளகாய் தாளித்து, வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டு வதக்குங்கள். ஊறிய ஜவ்வரிசியோடு வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் உப்பும் கலந்து, கண்ணாடி போல ஆகும்வரை புரட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆயிற்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்; ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து.

நாகபுரியில் ஒரு நாள் தங்கினோம். தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை களம்னா மார்க்கெட்டில் ஆரஞ்சு ஏற்றினோம். மலை மலையாக ஆரஞ்சு! வண்டி முழுக்க வாசனை.

தொப்பூர் இறக்கம்

செவ்வாய் விடியற்காலை தர்மபுரி தாண்டியதும் இவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயர்களையும் பிரேக்கையும் பார்த்தார். காற்றழுத்த முள் ஏறும்வரை காத்திருந்தார். தம்பி ஸ்டியரிங்கைக் கேட்கவில்லை. என் பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

இந்த இறக்கத்தில்தான் எத்தனை விபத்து! டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். அப்போது முழு பாரமும் பிரேக்கின் மேல் விழும். மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறி, பிறகு பிடிக்காமலே போய்விடும். இறங்கத் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு வந்துவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஹாரன் அடித்தார்கள், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். இவர் நத்தை போலவே இறங்கினார். இரட்டைப் பாலம் கடக்கும்வரை நான் மாரியம்மனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கீழே டீக்கடையில் தம்பி என்னிடம், "அக்கா, அண்ணனுக்கு இனி நான் வேண்டியதில்லைங்க" என்றார்.

நானும் சரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் சும்மா சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது நாற்பதுக்கு மேல் இந்தத் தொழிலுக்குக் கிளம்பினால், நான் போட்ட நிபந்தனைகள் உதவும்:

• மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம். வருஷத்துக்கு ஒருமுறை கண்.

• இரண்டு நாளைக்கு மேற்பட்ட தூரம் என்றால் இரண்டாவது டிரைவர் கட்டாயம்.

• நள்ளிரவு தாண்டினால் வண்டி நிற்க வேண்டும், போனில் யார் அதட்டினாலும்.

• பங்கு கண்ட இடமெல்லாம் இறங்கி நடக்க வேண்டும், இடுப்புக்கும் நல்லது. தண்ணீர்க் குடம் காலியாகித்தான் திரும்ப வேண்டும்.

• ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே இரண்டு ராத்திரி வீட்டில் தூக்கம். அந்த இரண்டு நாளும் கரண்ட் பில், ரேஷன் என்று அவரை நாம் விரட்டக் கூடாது. அது நமக்கான நிபந்தனை!

ஓனர் முணுமுணுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். இப்போது மாதம் மூன்று நடை. பெரியவளின் இந்த வருஷக் கட்டணம் கட்டியாயிற்று. வருகிற வியாழன் மறுபடி நாகபுரி. கொள்ளுப் பொடி அரைக்க வேண்டும், வருகிறேன்.