பழசு வேறு, பழுது வேறு

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பழைய மோட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் முதலில் கிடைக்கும் பதில், "பழசாயிடுச்சி லா." சொல்லிவிட்டு பிளக்கை மாற்றுவார்கள். அடுத்த வாரம் பிளக் கேப். அதற்கடுத்த வாரம் காயில். ஒவ்வொரு தடவையும் காசு போகும். மோட்டர் மட்டும் போன வாரம் நின்ற மாதிரியே நிற்கும்.

அப்பாவின் ஹோண்டா சி70க்கு இதுதான் நடந்துகொண்டிருந்தது. 1958இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப்பின் வம்சம் அது; நம் ஊரில் இந்த வகையையெல்லாம் கப்சாய் என்கிறோம். அப்பாவுடையது ஆறு வோல்ட், பாயின்ட் வைத்த பழைய மாடல். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அவரிடம் இருக்கிறது. இப்போது அதில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குச் சுங்கைப்பட்டாணி சந்தைக்குப் போகிறார். வீட்டில் ஒரே உதையில் கிளம்பும். இருபது நிமிடம் ஓடியதும் செத்துவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

நின்றுவிடுவதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இந்த மோட்டரின் முன்விளக்கு பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டிலிருந்து வரும் மின்சாரத்தில் எரிகிறது. எஞ்சின் செத்தால் விளக்கும் போச்சு. இரண்டு பக்கமும் செம்பனை, தெருவிளக்கு கிடையாது. எதிரே வரும் லோரிக்காரருக்கு அங்கே ஒரு மனிதர் இருப்பதே தெரியாது.

தம்பி முடிவே எடுத்துவிட்டான். "வித்துடுங்கப்பா. உங்களுக்கும் அறுபத்தெட்டு ஆவுது. ரெண்டுமே பழசு." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தம்பியின் பயம் நியாயமானது. ஆனால் பழசு என்று சொன்னால் எதைச் சரிசெய்வது? பழுது என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கும், தேடலாம்.

சூட்டில் வரும் கோளாறைச் சூட்டோடுதான் பார்க்க வேண்டும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டைச் சுற்றியுள்ள செம்மண் பாதையிலேயே அப்பாவை ஓட்டச் சொன்னேன். பதினெட்டாவது நிமிடம் நின்றது.

முதலில் பெட்ரோல் டாங்கி மூடி. அதிலுள்ள காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காமல் இதே மாதிரிதான் நிற்கும், காத்திருந்தால் ஓடும். மூடியைத் திறந்து உதைத்தோம். பலனில்லை. அடுத்து, ஒரு புது பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்து மறுபடி உதைத்தோம். பிளக் கழற்றிய துளையிலிருந்து இதைத் தள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நிழலில் பார்த்தால் நல்ல பொறி நீலமாக, 'டிக்'கென்று அடிக்கும். எங்களுக்கு வந்தது மெலிந்த மஞ்சள். சில உதைகளுக்கு அதுவும் இல்லை.

அடுத்தது சாவி. இந்த வகையில் சாவி எஞ்சினுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. ஆஃப் செய்யும்போது, பொறிக்குப் போகவேண்டிய மின்சாரத்தை வண்டியின் இரும்புக்கு இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துகிறது. எங்கேயாவது ஒயர் உரசி இரும்பைத் தொட்டால், சாவி ஆனில் இருந்தும் எஞ்சின் ஆஃப்தான். கறுப்பில் வெள்ளைக்கோடு போட்ட அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். அதே மஞ்சள்.

இடது பக்க மூடியைக் கழற்றினோம். பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளந்தோம், இருந்தது. ஆனால் முனைகள் கருகிக் குழிவிழுந்திருந்தன. ஸ்டாண்டில் நிறுத்தி அடுத்த முறை சாகும்வரை ஓடவிட்டு, உடனே உதைத்துப் பார்த்தோம். பிளக்கில் வரவேண்டிய வெளிச்சம் பாயின்டுக்கு நடுவே பளீரென்று அடித்தது.

"கண்டென்சர்ம்மா," என்றார் அப்பா.

பாயின்ட் திறக்கும் அந்த நொடியில் காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அப்படி அறுபட்டால்தான் பிளக்கில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் அந்த நொடிக்கு அதை வாங்கி வைத்துக்கொள்வது கண்டென்சர். சூட்டில் அது கைவிட்டால் மின்சாரம் இழுத்துக்கொண்டே போய் முனைகளை எரிக்கும். பிளக்குக்கு மிச்சம் வராது. ஆறினால் மறுபடி வேலை செய்யும். விரல் நுனியளவு சாமான், சில ரிங்கிட்தான். அதையும் பாயின்டையும் மாற்றினோம். மேக்னட்டில் உள்ள 'எஃப்' கோட்டில் பாயின்ட் திறக்கிற மாதிரி அப்பா வைத்தார். அன்று ஒரு மணி நேரம் ஓட்டினார். நிற்கவில்லை.

அதோடு தம்பி சொன்னதற்குப் பதில் கிடைத்துவிடவில்லை. அவன் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருந்தோம். அன்று மாலை அப்பாவிடமும் அதே மாதிரி கேட்டேன்: எப்போது சிரமம், எப்போது இல்லை?

"பகல்ல ஒண்ணுமில்லம்மா. ராத்திரி எதிர்ல லைட்டு வந்தா எல்லாம் சிதறிப் போவுது."

"எவ்ளோ நாளாப்பா?"

"ஒரு வருஷம் இருக்கும். சொன்னா மோட்டரப் புடுங்கிடுவீங்க."

கண்புரை என்றார் டாக்டர். வலது கண்ணில் முற்றியிருக்கிறது, அறுவை செய்யலாம். அதுவரை இலைக்கட்டுகளைத் தம்பி தன் காரில் கொண்டுபோகிறான். அப்பா வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மட்டும் சி70ஐ எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார். அறுவைக்குப் பிறகு விடியற்காலைச் சந்தைக்கு யார் போவது என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. கண்ணைச் சோதித்துவிட்டுப் பேசலாம் என்று தம்பியே சொல்லியிருக்கிறான்.