அட்டாலியில் கிடக்கும் பேராசிரியர்கள்

வையாபுரிப்பிள்ளையின் நூலகத்தைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். அவர் சேர்த்த புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்குள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இடமில்லாமல் போயிற்றே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதே, அதுவே பெரிய பாக்கியம்.

1891இல் பிறந்த பிள்ளை, திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரானார். லட்சம் சொற்களுக்கு மேல் கொண்ட அந்த அகராதியின் ஆறு தொகுதிகள் 1936இல் முடிந்தன. பிறகு அங்கேயே தமிழ்த்துறைத் தலைவர். 1951இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். இலக்கிய வரலாறு எழுதும்போது தொல்காப்பியத்தையும் குறளையும் பலருக்கும் பொறுக்காத அளவுக்குப் பின்னால் தள்ளினார். திட்டு வாங்கினார், இன்றும் வாங்குகிறார். அவருடைய காலக் கணிப்பில் எனக்கும் முழு உடன்பாடில்லை. ஆனால் ஒருவரை மறுக்கவேண்டுமானால் அவர் எந்த ஏட்டைப் புரட்டினார், எந்தப் பாடத்தைத் தள்ளினார் என்று தெரிய வேண்டாமா? அதற்குக் காகிதம் வேண்டும்.

1956 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அந்த நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தன. நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. மலபாரின் பாலக்காடும் கொச்சியின் சித்தூரும் கேரளமாயின. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், தமிழ் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவர்களின் காகிதங்களுக்குத்தான் கேட்பாரில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படி ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அட்டாலியில கெடக்குதுங்க சார், எலி தின்னது போக மிச்சம்" என்றார் அவர் மனைவி. இறக்கிய மூட்டையில் கல்யாணப் பத்திரிகைகள்தான் அதிகம். தூக்கி எறிய இருந்தேன். ஒன்றைத் திருப்பினால், வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் வட்டெழுத்து. ஓரத்தில் கோயில் பெயர், பார்த்த தேதி, போய்வந்த பஸ் சார்ஜ். கல்லூரி விடைத்தாள்களின் பின்பக்கத்தில் மூணாறு எஸ்டேட் லயங்களில் கேட்ட பாட்டுகள், பாடிய கிழவியின் சொந்த ஊர் முதற்கொண்டு. அவர் புத்தகமாகப் போட்டது எதிலும் இந்தப் பாட்டுகள் இல்லை. அச்சில் வந்ததைவிட இதுதான் அவர் வாழ்நாள் வேலை என்று எனக்குப் பட்டது.

இந்த மூட்டையை வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்று கோவையில் கேட்டால், "கேரளத்துக்காரர், அங்கேயே கொடுங்கள்" என்றார்கள். இங்கே கேட்டால், தமிழ்க் கையெழுத்தைப் படித்துப் பட்டியல் போட ஆளில்லை என்றார்கள். இரண்டும் நியாயமான பதில்கள்தான், அதுதான் ஆத்திரம். உ.வே.சா. 1942இல் மறைந்தார், மறு ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் வந்தது. அவருக்கு வந்த கடிதங்களை இப்போது பதிப்பித்திருக்கிறார்கள். அந்த யோகம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை இருக்கிறது. ஓர் அலமாரியும் ஒரு ஸ்கேனரும் ஒதுக்குவது முடியாத காரியமில்லை.

உங்கள் வீட்டு அட்டாலியிலும் ஒரு வாத்தியாரின் மூட்டை இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன், பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.