முப்பத்தாறு கட்டங்கள்

விடுதியில் தங்கிப் படித்த நாள்களில், ஒவ்வொரு பருவ இறுதியிலும் எனக்கு ஒரு கேள்வி எழும். வரும்போது இரண்டே பைகளோடு வந்த நான், போகும்போது மட்டும் ஏன் ஆறு பைகளோடு நிற்கிறேன்? நண்பர்களே, உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருந்திருக்கும். எனக்கு இதற்கு விடை சொன்னவை இரண்டு. ஒன்று கணினி விளையாட்டு. மற்றொன்று சுங்கைப்பட்டாணியில் என் அப்பா நடத்தும் மளிகைக் கடை.

விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். சுவீடனில் உருவாகி, 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்தது. அந்த உலகில் மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டைகள். வெட்டலாம், எடுக்கலாம், அடுக்கி வீடு கட்டலாம். எடுப்பதெல்லாம் நம் பைக்குள் சேரும். அந்தப் பையில் 27 கட்டங்கள். உடனே கையில் எடுக்கக் கீழே இன்னும் 9. ஆக மொத்தம் 36. ஒரே வகைக் கல் என்றால் ஒரு கட்டத்தில் 64 வரை அடுக்கலாம். முட்டை என்றால் 16. வாள், கடப்பாறை போன்ற கருவி என்றால் ஒன்றுக்கு ஒரு கட்டம். கணக்கு எளிதுதான். அதில் தவறியவன் நான்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முன்பே நான் வீடு திரும்பியிருந்தேன். தம்பி அப்போது முதல் படிவ மாணவன். அப்பா காலையில் கடையைத் திறக்கப் போய்விடுவார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கணினியில் ஒரே உலகத்திற்குள் நுழைவோம். வயதில் ஏழு ஆண்டு இடைவெளி கொண்ட எங்களுக்கு, பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்தது அப்போதுதான்.

ஒருநாள் குகைக்குள் போனோம். பல நாள் உழைத்துத் தம்பி செய்திருந்த வைரக் கடப்பாறை அவன் கையில் இருந்தது. கூடுதல் வைரம் தரும் மந்திரசக்தியும் அதில் ஏற்றியிருந்தான். திடீரென்று, “அண்ணே, செத்துட்டேன்! சாமானெல்லாம் கீழ கிடக்கு, எடுத்து வை!” என்று கத்தினான்.

அங்கே ஒருவர் இறந்தால் அவர் பொருள்கள் தரையில் சிதறிவிடும். ஐந்து நிமிடத்திற்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். அருகில் யாருமே இல்லையென்றால் அந்தக் கணக்கு ஓடாமல் நின்றிருக்கும். நான் அருகில் இருந்ததால்தான் நேரம் ஓடியது என்பதைப் பிறகு அறிந்தபோது மனம் மேலும் வலித்தது.

வழி தடுமாறி நான் போய்ச் சேர்ந்தபோது கொஞ்ச நேரமே மிச்சம். ஆனால் என் பையில் இடமில்லை! உருளைக்கல், கிரானைட், டயோரைட், சரளைக்கல், விதை, எலும்பு, கெட்டுப்போன இறைச்சி என 36 கட்டங்களும் நிரம்பியிருந்தன. பதற்றத்தோடு கல்லைத் தூக்கி எறிந்தேன். குறுகலான சுரங்கம், எறிந்த கல் காலடியிலேயே விழுந்து மறுபடியும் பைக்குள் ஏறிக்கொண்டது. தம்பியின் கவசமும் காலணியும் கிடைத்தன. கடப்பாறை என் கண்முன்னே மறைந்தது.

தம்பி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “பரவால்லண்ணே” என்று சொல்லிவிட்டுக் கணினியை அடைத்தான். அதன் பிறகு நான்கு நாள்கள் விளையாட வரவில்லை. எதற்குமே உதவாத கல்லுக்கு இடம் கொடுத்துவிட்டுத் தம்பியின் உழைப்புக்கு இடமில்லாமல் செய்தேனே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “கடையும் அப்படித்தான்டா. சுவர் நகராது, சரக்கு மட்டும் வந்துகிட்டே இருக்கும். லாரி வர்றதுக்கு முன்னாடி ராத்திரி, தட்டுல இடம் பண்ணி வைக்கலைன்னா மறுநாள் மூட்டை எல்லாம் நடுவழியிலதான் கிடக்கும்” என்றார்.

மறுநாள் கடையில் அவருக்கு உதவியாக நின்றேன். இத்தனை ஆண்டுகள் பார்த்தும் கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தேன். அடிக்கடி விற்பவை கல்லாவிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தன. தேயிலை, சீனி, பால் டின் மூன்றும் ஒரே தட்டில். சேர்த்து வாங்குபவற்றைச் சேர்த்தே வைத்திருந்தார். எங்கே வைப்பதென்று தெரியாத சாமானுக்கென ஒரு பெட்டி. கடையை அடைக்கும் முன் அதைக் காலி செய்யாமல் அவர் வீட்டுக்கு வருவதில்லை.

அன்றிரவு தனியாக விளையாட்டுக்குள் போனேன். எங்கள் பெட்டிகளையெல்லாம் அப்பாவின் கடையைப்போல் மாற்றி அடுக்கினேன். விவசாயச் சாமான் ஒரு பக்கம், கட்டுமானக் கல் ஒரு பக்கம். உள்ளே இருப்பது தெரிய ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு சட்டம் மாட்டி, அதில் அந்தப் பொருளையே வைத்தேன். ஒன்பது இரும்புக் கட்டிகளைச் சேர்த்தால் ஓர் இரும்புக் கட்டை ஆகும், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம். இப்படிச் சேர்த்தால் ஒரே கட்டத்தில் 576 கட்டிகள் அடங்கிவிடும்! கையில் எடுக்கும் 9 கட்டங்களில் வாளுக்கு முதலிடம், கடப்பாறைக்கு இரண்டாமிடம், உணவுக்குக் கடைசி இடம் என்று வகுத்து, அதை மாற்றுவதில்லை என முடிவு செய்தேன். அவசரத்தில் கண் தேடாது. பழகிய விரல்தான் தேடும்.

ஐந்தாம் நாள் தம்பி வந்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இதுக்கு ஹாப்பர் வச்சா தானாவே பிரிச்சிடும்ணே” என்றான். ஹாப்பர் என்பது பொருளை வாங்கி அடுத்த பெட்டிக்குத் தள்ளும் புனல். அதற்கு ஐந்து கட்டங்கள். ஒன்றில் வேண்டிய பொருளையும் மற்ற நான்கில் வேறெங்கும் வராத பொருளையும் வைத்துவிட்டால், வேண்டியதை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். அதைத் தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்தான். அந்த வாரம் அவன் ஆசிரியர், நான் மாணவன். புதிய கடப்பாறைக்கான வைரத்தையும் இருவருமாகவே தேடினோம். புறப்படும் முன் ஒவ்வொரு முறையும், “பையைக் காலி பண்ணிட்டியா?” என்று கேட்பான்.

பின்னர் 2021இல் விளையாட்டுக்குள் இன்னும் பல வகைக் கற்கள் வந்தன. 2024 அக்டோபரில் பலவகைப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும் மூட்டையும் வந்தது. ஆனாலும் பையின் கட்டங்கள் அதே 36தான். அது சரியென்றே எனக்குப் படுகிறது. பை பெரிதானால் நாம் சுமக்கும் கல்லும் கூடும், அவ்வளவுதான்.

அண்மையில் தம்பிக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. போர்வை, வாளி, மின்விசிறி, மைலோ டின், என் பழைய குறிப்பேடுகள் என்று நான் அவனுக்காக மூட்டை மேல் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று பார்த்தவன், இரண்டு பைகளை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டான்.

“எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனா, அங்க கிடைக்கிறதை எதுலண்ணே போடுறது?”