வழியுண்டு, வீடு தெரியவில்லை

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒருவரது வீட்டைத் தேடிச் செல்பவர், அவ்வூர்ச் சந்தியில் வினவினால் உடனே விடை பெறுவர். அதே பெயரை நகரத்துப் பஸ் நிலையத்தில் வினவினால், "அப்படியொருவர் இல்லை" என்றே விடை வரும். வீடு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கேட்ட இடந்தான் பொருந்தவில்லை. கணினி வலையமைப்புத் தொழிலிற் பல்லாண்டு கழித்த யான் கண்ட சிக்கல்கள் பல இவ்வகையினவே.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிவன; மனிதராகிய நாமோ பெயர்களையே நினைவிற் கொள்வோம். ஆதியில் இவ்விரண்டையும் இணைக்கும் அட்டவணை ஒரே கோப்பாக ஓரிடத்திற் பேணப்பட்டது. கணினிகள் பெருகவே அம்முறை போதாதாயிற்று. 1983இல் அமெரிக்கரான போல் மொக்கபெற்றிஸ் என்பார் அப்பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். என வழங்குவது அதுவே. பெயரைக் கேட்டு எண்ணைக் கூறும் கணினி, பெயர்ச் சேவையகம் எனப்படும்.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, யான் பணியாற்றிய கொழும்பு நிறுவனத்தின் கணக்குப் பகுதியினர் தத்தம் இல்லங்களிலிருந்து வி.பி.என். என்னும் மறைவழித் தொடர்பால் அலுவலகத்தை அடைந்தனர். சம்பளப் பட்டியல் அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் வங்கிக்குச் செல்லவேண்டும். அதனை நம்பிப் பல குடும்பங்கள் காத்திருந்தன. தொடர்பு கிடைத்ததென்று திரை காட்டிற்று. மின்னஞ்சலோ "சேவையகம் காணப்படவில்லை" என்றது. கடவுச்சொல்லை மாற்றுமாறு சிலரும், இணைப்பை மாற்றுமாறு சிலரும் கூறினர்.

பட்டியலை அனுப்பவேண்டிய இளம் எழுதுவினைஞரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நீர் ஒன்றையும் மாற்றவேண்டாம், முதலில் மூன்று கேள்விகள் கேட்போம்" என்றேன்.

முதலாவதாக, அஞ்சற் சேவையகத்தின் எண்ணைக்கொண்டு பிங் செய்வித்தேன், பதில் வந்தது. ஆகவே வழியிற் குறையில்லை. இரண்டாவதாக, என்.எஸ்.லுக்கப் கட்டளையால் அதன் பெயரை வினவச் செய்தேன். அப்படியொரு பெயரே இல்லையென விடை வந்தது. அவ்விடையைக் கூறியது அவர் வீட்டு இணையச் சேவையின் பெயர்ச் சேவையகம். மூன்றாவதாக, அதே வினாவை அலுவலகப் பெயர்ச் சேவையகத்திடம் விடுக்கச் செய்தேன். சரியான எண் உடனே கிடைத்தது. அலுவலகத்தினுள்ளே மாத்திரம் வழங்கும் பெயரை வெளியார் எங்ஙனம் அறிவர்?

எண்ணையே ஒவ்வொரு கணினியிலும் எழுதிவைக்கலாமே என்றார் முகாமையாளர். அது அன்றைக்கு உதவும். சேவையகம் வேறெண் பெறும் நாளிலோ, காரணம் புலப்படாமலே அனைத்தும் மீண்டும் முடங்கும். ஆதலின், அலுவலகப் பெயர்களை அலுவலகப் பெயர்ச் சேவையகத்திடமே கேட்குமாறு வி.பி.என். அமைப்பைத் திருத்தினோம். "இல்லை" என்ற விடையையுங்கூடக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும், அதனையும் அழிப்பித்தோம். மின்னஞ்சல் திறந்தது, பட்டியல் குறித்த வேளைக்குள் வங்கியை அடைந்தது.

மாணவ அன்பர்களே! பிழை காணுமிடத்துப் பலவற்றை ஒருங்கே மாற்றுபவர், பிழை நீங்கினும் அதன் காரணத்தை அறியார். வழி உண்டா, பெயர் விளங்குகின்றதா, விடை கூறுபவர் யார் என ஒவ்வொன்றாக வினவுங்கள். "இல்லை" என்ற விடை வருமிடத்து, அதனைக் கூறியவர் அப்பொருளை அறியத்தக்கவர்தாமோ என்பதை முதலில் நோக்குங்கள்.